எந்த சி.எம்.எஸ்.? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சொந்தமாக இணையதளம் தொடங்குவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எந்த மென்பொருளில் கட்டுவது? (கட்டுரைகளையும் படங்களையும் தளத்தில் போட்டு நிர்வகிக்க உதவும் இந்த வகை மென்பொருளைத்தான் சி.எம்.எஸ். என்கிறார்கள்.) ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் அச்சு இதழ்களுக்குப் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்து இந்த வேலைக்கு வந்தவள். இப்போது யாரோ கட்டிக்கொடுத்துவிட்டுப் போன தளங்களைப் பராமரிப்பதுதான் பிழைப்பு. ஆகவே என் பதில்களில் அந்தப் பக்கத்துச் சாய்வு கொஞ்சம் இருக்கும். முன்பே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எங்களுடையது சிறிய இலக்கிய அமைப்பு. கட்டுரைகள், கூட்ட அறிவிப்புகள், புகைப்படங்கள் போட ஒரு தளம் வேண்டும். எழுதப்போவது மூன்று பேர், யாருக்கும் புரோகிராமிங் தெரியாது. ஒருவர் வேர்ட்பிரஸ் என்கிறார், இன்னொருவர் ட்ரூபல்தான் வலுவானது என்கிறார், மூன்றாமவர் ஜூம்லா என்கிறார். எது சிறந்தது?

பதில்: வேர்ட்பிரஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் கேட்பீர்கள். உங்கள் கடிதத்தில் எழுதப்போகிற மூன்று பேர் வருகிறார்கள், நான்காவது ஆள் ஒருவர் வரவே இல்லை. தளம் தொடங்கி மூன்று வருடம் கழித்து, உற்சாகமெல்லாம் வடிந்த பிறகு, அப்டேட் பொத்தானை அழுத்தப்போகிறவர் யார்? அவரை மனதில் வைத்துத்தான் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் அமைப்பில் அந்த ஆளும் அந்த மூவரில் ஒருவராகத்தான் இருப்பார். அவருக்கு கமாண்ட் லைன், அதாவது கட்டளைகளை அடித்துக் கணினியிடம் வேலை வாங்குவது, தெரியாது. வேர்ட்பிரஸ் 2013-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்தே சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே போட்டுக்கொள்ளும். பெரிய பதிப்பு வந்தால் பிரவுசரிலேயே ஒரு பொத்தான்.

ட்ரூபல் வலுவானது என்று சொன்ன நண்பர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ட்ரூபலை ஒழுங்காகப் பராமரிக்க கம்போசர் என்ற கருவியோடு பழக வேண்டும். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து, எந்தத் தொகுப்பு எதோடு முரண்படுகிறது என்று அது சொல்வதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். 2025 ஜனவரியில் ட்ரூபல் சி.எம்.எஸ். என்ற பெயரில், புரோகிராமிங் தெரியாதவர்களையும் மனதில் வைத்து ஒரு தொகுப்பை வெளியிட்டிருக்கிறார்கள். மாட்யூல்களை, அதாவது கூடுதல் வசதி தரும் துணுக்குகளை, பிரவுசரிலிருந்தே தேடிப் போடலாம். நல்ல முயற்சிதான், இருந்தாலும் மூன்று பேர் கட்டுரை போடும் தளத்துக்கு அவ்வளவு பெரிய இயந்திரம் எதற்கு?

ஜூம்லா பற்றி என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. மென்பொருளாக அதில் குறை சொல்ல அதிகமில்லை. யார் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்று குழு குழுவாக அனுமதி பிரிப்பதில் வேர்ட்பிரஸைவிட நேர்த்தியானது. ஆனால் ஒரு பக்கம் எந்த முகவரியில், எந்த வடிவில் தோன்றும் என்பதைப் பெரும்பாலும் அதன் மெனு உருப்படிதான் முடிவு செய்யும். புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். கட்டுரையைச் சேமித்தாயிற்று, வெளியிட்டாயிற்று, தளத்தில் எங்கே போய்ப் பார்ப்பது என்று எனக்கு போன் வரும். பழகிவிட்டால் பிரச்சினை இல்லை. உங்களில் ஒருவருக்கு ஏற்கெனவே ஜூம்லா பழக்கமென்றால் நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிட்டு அதையே எடுங்கள். தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பதைவிடப் பெரிய வசதி எந்த மென்பொருளிலும் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. வேர்ட்பிரஸில் பக்கங்களை அழகாக அடுக்கித்தரும் பேஜ் பில்டர் ப்ளகின்கள் (ப்ளகின் என்பது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) நிறைய உண்டு. தளம் கட்டிக்கொடுப்பவர் முதல் வேலையாக அதைத்தான் போடுவார். அவற்றில் சில, உங்கள் கட்டுரைக்குள் சதுர அடைப்புக்குறிக் குறியீடுகளை நிரப்பிவிடும். ப்ளகினை எடுத்துவிட்டால் கட்டுரை முழுக்க அந்தக் குப்பை அப்படியே கிடக்கும். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பு முதல் வேர்ட்பிரஸிலேயே பிளாக் எடிட்டர் இருக்கிறது. அது உங்கள் பத்தியை, இணையப் பக்கங்களின் அடிப்படை மொழியான சாதாரண எச்.டி.எம்.எல். ஆகவே வைத்து, தன் அடையாளங்களைக் கண்ணுக்குத் தெரியாத குறிப்புகளாக மட்டும் சேர்க்கிறது. நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கும். கொஞ்சம் அழகு குறைந்தாலும் பரவாயில்லை, அதோடு நில்லுங்கள்.

கேள்வி: திறமூல மென்பொருள் இலவசம் என்கிறார்கள். நாளைக்கு அதை உருவாக்கியவர்கள் மனம் மாறி, இனி காசு கொடு என்றால் என்ன செய்வது?

பதில்: நடந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலும், திறமூலம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த இடங்களில். திறமூலம் என்றால், புரோகிராமர் எழுதிய மூல வரிகளை (சோர்ஸ் கோடு) யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று உரிமமே அனுமதிப்பது.

2004-இல் மூவபிள் டைப் என்ற மென்பொருள் வலைப்பதிவர்களிடையே பெரிய பெயர். சோர்ஸ் கோடு பார்வைக்குக் கிடைத்தது, பலர் காசில்லாமல் பயன்படுத்தினார்கள். ஆனால் அதன் உரிமம் திறமூல உரிமம் கிடையாது. 3.0 பதிப்போடு உரிம விதிகளை இறுக்கினார்கள். கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியேறினார்கள். அப்போது பிறந்து ஒரு வருடமே ஆகியிருந்த வேர்ட்பிரஸுக்கு அது பெரிய வாய்ப்பாகப் போயிற்று.

வேர்ட்பிரஸ் பிறந்த விதத்தையும் பாருங்கள். பி2 என்றொரு மென்பொருள் இருந்தது. அதை எழுதியவர் கவனிக்காமல் விட்டுவிட்டார். உரிமம் ஜி.பி.எல். என்ற திறமூல உரிமமாக இருந்ததால் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் அந்த சோர்ஸ் கோடை எடுத்துக்கொண்டு 2003-இல் வேர்ட்பிரஸைத் தொடங்கினார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. 2005-இல் மாம்போ என்ற மென்பொருளின் நிர்வாகம் பிடிக்காமல் அதன் முக்கிய டெவலப்பர்கள் பிரிந்துபோய் உருவாக்கியதுதான் ஜூம்லா. அக்டோபர் சி.எம்.எஸ். 2021-இல் கட்டண உரிமத்துக்கு மாறியபோதும் அதேதான் நடந்தது. பழைய கோடு எம்.ஐ.டி. என்ற திறமூல உரிமத்தில் இருந்ததால் ஒரு குழு அதை எடுத்து விண்டர் சி.எம்.எஸ். என்று தொடர்கிறது. அவர்கள் மனம் மாறலாம், ஏற்கெனவே கொடுத்த சோர்ஸ் கோடைத் திரும்பப் பிடுங்க முடியாது.

எனவே பதிவிறக்கும் முன் உரிமத்தின் பெயரைப் பாருங்கள். ஜி.பி.எல்., எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி என்றிருந்தால் நிம்மதி. கிர்பி, கிராஃப்ட் இரண்டும் அருமையான மென்பொருள்கள், சோர்ஸ் கோடு யாரும் பார்க்கலாம். ஆனால் அவை திறமூலம் அல்ல, வணிக உரிமம். அதில் தப்பொன்றும் இல்லை, தெரிந்து எடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கோடு உங்களுடையது என்றாலும் அப்டேட் வந்து சேரும் சர்வர் வேறு யாருடையதோ. 2024 செப்டம்பரில் வேர்ட்பிரஸை வழிநடத்தும் முல்லன்வெக்குக்கும், தளங்களைத் தன் சர்வரில் வைத்துத்தரும் டபிள்யூ.பி. எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் மூண்ட சண்டையில், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் தளங்களுக்கு ப்ளகின் அப்டேட் கிடைக்காமல் போயிற்று. நீதிமன்றம்வரை போய், டிசம்பரில் இடைக்காலத் தடை வாங்கித்தான் வழி திறந்தது. தளம் வைத்திருந்தவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. இதற்காக வேர்ட்பிரஸை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். இலவசம் என்ற வார்த்தைக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: தமிழில் தலைப்பு வைத்தால் இணைப்பு முழுவதும் சதவீதக் குறியாக நீள்கிறது. சில சமயம் தலைப்பின் பாதி காணாமல் போகிறது. மென்பொருளை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டியதில்லை. நடப்பது இதுதான்.

இணையத்தில் யூனிகோடு எழுதப்படும் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் (பைட் என்பது கணினியின் சேமிப்பு அளவு). இணைய முகவரியில் அது போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக மாறும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். கவனியுங்கள், நாம் ஓர் எழுத்தாக நினைப்பது கணினிக்குப் பெரும்பாலும் இரண்டு. ‘தி’ என்பதில் த ஒன்று, இகரக் கொக்கி ஒன்று. ‘ள்’ என்பதில் புள்ளி தனிக் கணக்கு. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு 5 குறி, முகவரியில் 45 இடம்.

வேர்ட்பிரஸ் இந்த முகவரித் துண்டுக்கு டேட்டாபேஸில் ஒதுக்கியிருப்பது 200 இடம். கணக்குப் போட்டால் 22 குறி. ‘திறமூல மென்பொருள் தேர்வு’ என்று தலைப்பு வைத்தால் 22 குறிக்கு 198, நடுவில் இரண்டு சிறுகோடு, சரியாக 200. அடுத்த எழுத்துக்கு இடமில்லை. ‘திறமூல மென்பொருள் தேர்வு எப்படி’ என்று வைத்துப் பாருங்கள், ‘எப்படி’ முகவரியில் வராது. தலைப்பு பத்திரமாகத்தான் இருக்கும், இணைப்புதான் வெட்டுப்படும். வெட்டு சொல்லின் நடுவில் விழுந்தால் பார்க்கச் சகிக்காது.

தீர்வு: வெளியிடும் முன் வலப்பக்கப் பட்டையில் இணைப்புக்கான கட்டத்தைத் திறந்து, இரண்டு மூன்று சொற்களில் ரோமன் எழுத்தில் அடித்துவிடுங்கள். தமிழில்தான் வேண்டும் என்றால் தமிழில் சுருக்கமாக. ஏற்கெனவே வெளியான பதிவு என்றாலும் மாற்றலாம். பதிவுகளின் பழைய இணைப்பை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துப் புதியதற்குத் திருப்பிவிடும்.

ஜூம்லாவில் இதே பிரச்சினை வேறு உருவில் வரும். பொது அமைப்புகளில் யூனிகோடு ஏலியாஸ் என்ற தெரிவை ஆன் செய்யாவிட்டால் தமிழ்த் தலைப்பு முழுதாகத் துடைக்கப்பட்டு, அதற்குப் பதில் தேதியும் நேரமும் முகவரியாக உட்கார்ந்துவிடும். ட்ரூபலில் பாத்ஆட்டோ என்ற மாட்யூல் தமிழை ரோமன் எழுத்துக்கு மாற்றித்தரும். மாற்றித்தருவதைப் படித்தால் சிரிப்பு வரும், ஆனால் நீளம் அடங்கும்.

கேள்வி: எங்கள் தளத்தின் தேடல் பெட்டியில் ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ வரும் கட்டுரைகள் கிடைப்பதில்லை. தமிழுக்கு ஏற்ற சி.எம்.எஸ். எது?

பதில்: வேர்ட்பிரஸின் தேடல், நீங்கள் கொடுத்த எழுத்துத் தொடர் கட்டுரையில் எங்காவது அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ‘மரத்தில்’ என்பதில் ‘மரம்’ இல்லை, மகர மெய் போய்விட்டது. ‘மர’ என்று தேடினால் கிடைக்கும். கூடவே மரபும் மரணமும் வந்து நிற்கும்.

வேற்றுமை உருபு ஏறிய சொல்லை வேர்ச்சொல்லோடு பொருத்துவதற்கு ஸ்டெம்மிங் வேண்டும். வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸின் உள்ளமைந்த தேடலில் அது இல்லை. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பில் தமிழுக்கான ஸ்டெம்மரைச் சேர்த்துக்கொண்டது. பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதப்பட்ட வாக்டெயில் என்ற சி.எம்.எஸ். போஸ்ட்கிரெஸின் தேடலை நேரடியாகப் பயன்படுத்தக்கூடியது, மொழியை அமைப்பில் சொல்லிக்கொடுக்கலாம். பெரிய தமிழ்க் காப்பகம் ஒன்றை, பைத்தான் தெரிந்த ஆளோடு கட்டப்போகிறீர்கள் என்றால் இதை யோசியுங்கள். ஆனால் அந்த ஸ்டெம்மர் புணர்ச்சியெல்லாம் படித்த புலவர் இல்லை. உங்கள் கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஐம்பது சொற்களைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வெறும் நூறு கட்டுரைகள்தான் என்றால் இதெல்லாம் வேண்டாம். ஒழுங்காகக் குறிச்சொல் போடுங்கள், தேடுகிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: பழைய நூல்கள், கையெழுத்துப் பிரதிகள், எழுதியவர்கள், பதிப்பித்தவர்கள், படங்கள் என்று ஒன்றோடொன்று தொடர்புள்ள தகவல்களைத் தொகுத்து வைத்திருக்கிறேன். ஒருவர் பெயரைத் தொட்டால் அவர் எழுதியவை, பதிப்பித்தவை எல்லாம் வர வேண்டும். இதையும் வேர்ட்பிரஸில் செய்யலாமா?

பதில்: செய்யலாம். 2010-இல் 3.0 பதிப்பிலேயே நாமே புதிய உள்ளடக்க வகைகளை உருவாக்கும் வசதி வந்துவிட்டது. புலங்களை, அதாவது தகவல் கட்டங்களை, சேர்க்க ப்ளகின் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்கும் உறவுமுறை முழுவதும் அந்த ப்ளகினின் தயவில் நிற்கும். உங்கள் தகவலுக்கு அவ்வளவு பலவீனமான அஸ்திவாரம் வேண்டாம் என்பேன்.

இந்த வேலைக்கென்றே பிறந்தது ட்ரூபல். நூல் ஒரு வகை, ஆள் ஒரு வகை, நூலில் ‘எழுதியவர்’ என்ற புலம் ஆளைச் சுட்டும், ‘பதிப்பித்தவர்’ என்ற புலம் இன்னொரு ஆளைச் சுட்டும். அப்புறம் வியூஸ் என்ற பகுதியில் போய், இந்த ஆளைச் சுட்டும் நூல்களையெல்லாம் ஆண்டு வரிசையில் காட்டு என்று மவுஸாலேயே சொல்லிவிடலாம். இவை எல்லாம் ட்ரூபலின் மையத்திலேயே இருக்கின்றன. தனியாக எதையும் நம்ப வேண்டியதில்லை.

ட்ரூபல் எடுக்கும் முன் அதன் கடந்த காலத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2011-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து 2015-இல் வந்த 8-க்குப் போவது அப்டேட் அல்ல, புதிய வீட்டுக்குக் குடிபோவது. அடித்தளத்தையே மாற்றிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான தளங்களால் நகர முடியவில்லை. 7-க்கான ஆதரவை நிறுத்தும் தேதியைத் தள்ளித் தள்ளி, கடைசியில் 2025 ஜனவரி 5-ஆம் தேதிதான் நிறுத்தினார்கள். 8-க்குப் பிறகு ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்குப் போவது எவ்வளவோ சுலபமாகிவிட்டது, ஆனால் அந்தச் சமயத்தில் சிக்கியவர்கள் இன்னும் ட்ரூபல் என்றாலே முகம் சுளிப்பார்கள். என் பராமரிப்பில் ஒரு 7 இருந்தது, பாவம். யாரோ கையால் எழுதிய மாட்யூல்கள், ஒரு வரி குறிப்புகூட இல்லாமல்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: உங்களுக்கு சி.எம்.எஸ்.தான் வேண்டுமா? ஆவணங்களையும் படங்களையும் விவரக்குறிப்போடு காட்சிக்கு வைக்க ஓமேகா என்றொரு திறமூல மென்பொருள் இருக்கிறது. அருங்காட்சியகங்களும் நூலகங்களும் பயன்படுத்துவது. அதன் ‘எஸ்’ பதிப்பில் ஓர் உருப்படியை இன்னொன்றோடு நேரடியாக இணைக்கலாம், டப்ளின் கோர் என்ற பொதுத் தரப்படி அமைந்த விவரப் புலங்கள் தயாராகவே இருக்கும். நூலகப் பட்டியல் என்றால் கோஹா, ஆய்வேடுகளின் களஞ்சியம் என்றால் டிஸ்பேஸ், ஆய்விதழ் நடத்த ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ், பாடம் நடத்த மூடுல். இவற்றையெல்லாம் வேர்ட்பிரஸில் ப்ளகின் போட்டு உருவாக்கப் பார்த்துத் தவிக்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். உங்கள் தொகுப்புக்கு முதலில் ஓமேகாவில் இருபது உருப்படிகளை ஏற்றிப் பாருங்கள். போதவில்லை என்றால் ட்ரூபல்.

கேள்வி: திறமூலம் என்றால் கோடு எல்லோருக்கும் தெரியும், ஆகவே ஹேக்கர்களுக்கும் வசதி என்கிறார் எங்கள் நிர்வாகி. உண்மையா? பேக்கப் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பதில்: ஓட்டை எல்லா மென்பொருளிலும் இருக்கும். ஓட்டை அறிவிக்கப்பட்ட பிறகு நீங்கள் எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள் என்பதில்தான் ஆபத்து.

2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7-இல் ஒரு கடுமையான ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ட்ரூபலின் பாதுகாப்புக் குழுவே சொன்னது: அறிவிப்பு வந்து 7 மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத எல்லாத் தளமும் கைவிட்டுப் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரம்! அறிவிப்பு ராத்திரி நேரத்தில் வந்து சேர்ந்த ஊர்களில் ஆட்கள் கண்விழிப்பதற்குள் முடிந்துவிட்ட கதை. வேர்ட்பிரஸில் 2017 தொடக்கத்தில் 4.7.1 வரை இருந்த ஓர் ஓட்டை வழியாக, உள்ளே நுழையாமலேயே யார் வேண்டுமானாலும் பதிவுகளைத் திருத்த முடிந்தது. திருத்தத்தை 4.7.2-இல் சேர்த்து, தானியங்கி அப்டேட்டில் பெரும்பாலான தளங்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று விவரத்தை ஒரு வாரம் வெளியிடாமல் வைத்திருந்தார்கள். தானியங்கி அப்டேட்டை அணைத்து வைத்திருந்தவர்களின் தளங்கள்தான் பெருமளவில் சிதைக்கப்பட்டன. நிர்வாகியிடம் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

வேர்ட்பிரஸில் மையத்தைவிட ப்ளகின்களால்தான் தொல்லை அதிகம். ஒன்றைப் போடும் முன் அதன் பக்கத்தில் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். கடைசி மூன்று பெரிய பதிப்புகளோடு சோதிக்கப்படவில்லை என்றால் வேர்ட்பிரஸ் தளமே மஞ்சள் பட்டையில் எச்சரிக்கும். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம்களில், காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்றை யாரோ இலவசமாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதற்குள் பின்வாசல் வைத்துத்தான் கொடுப்பார்கள்.

பேக்கப் எடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். எதை எடுக்கிறீர்கள்? டேட்டாபேஸில் எழுத்து இருக்கும், படங்கள் தனிக் கோப்புறையில் இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருப்பவர்கள் ஏராளம். அந்த பேக்கப்பும் அதே சர்வரில் கிடந்தால் சர்வர் போகிற அன்று அதுவும் போகும்.

கேள்வி: முகவரி, அறிமுகம், நான்கு பக்கங்கள், அவ்வளவுதான் எங்கள் தளம். வருடத்துக்கு இரண்டு தடவை மாற்றுவோம். எது நல்லது?

பதில்: சி.எம்.எஸ். எதுவுமே வேண்டாம். ஹ்யூகோ, ஜெக்கில், இலெவன்டி போன்ற நிலைத்தளக் கருவிகளில் ஒன்றை எடுத்துப் பக்கங்களை எச்.டி.எம்.எல். ஆக உருவாக்கி ஏற்றிவிடுங்கள். டேட்டாபேஸ் இல்லை, உள்நுழையும் பக்கம் இல்லை, ஹேக் செய்ய அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஐந்து வருடம் தொடாமல் விட்டாலும் அப்படியே நிற்கும். மாற்றுவதற்குத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்பதுதான் விலை. அந்த ஆள் இல்லை என்றால் வேர்ட்பிரஸுக்கே வாருங்கள், ப்ளகின் எதுவும் போடாமல்.

கேள்வி: தளம் கட்டித்தருகிறவர் ‘ஹெட்லெஸ்’ முறையில் ஸ்ட்ராப்பியும் ரியாக்ட்டும் வைத்துச் செய்யலாம் என்கிறார். நவீனம் என்கிறார். நாங்கள் வாரம் ஒரு கட்டுரை போடுகிறவர்கள்.

பதில்: அவருக்கு நவீனம், உங்களுக்கு இரண்டு தளம். எழுதும் பகுதி (ஸ்ட்ராப்பி) தனி, காட்டும் பகுதி (ரியாக்ட்) தனி, இரண்டுக்கும் தனித்தனி அப்டேட். ஒரே உள்ளடக்கம் மொபைல் ஆப்புக்கும் தளத்துக்கும் வேறு திரைகளுக்கும் போக வேண்டும் என்றால்தான் இந்தப் பிரிவுக்குப் பொருள் உண்டு. அவர் போன பிறகு யார் பார்ப்பார் என்று கேளுங்கள். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டால் வேண்டாம்.

கேள்வி: மாதம் இருமுறை மின்னஞ்சல் மடல் எழுதுகிறேன். கோஸ்ட் என்ற மென்பொருள் நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன். சொந்த சர்வரில் வைக்கலாமா?

பதில்: எழுதுவதற்கு கோஸ்ட் போல இதமான திரை வேறெதிலும் நான் பார்க்கவில்லை. 2013-இல் தொடங்கியது, எம்.ஐ.டி. உரிமம், நடத்துவது லாப நோக்கற்ற அமைப்பு. சந்தாதாரர் பட்டியல், மடல், கட்டண உறுப்பினர் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. ஆனால் இது நோட்.ஜே.எஸ். என்ற தளத்தின் மேல் ஓடுவது. வேர்ட்பிரஸ் ஓடும் பி.எச்.பி. மட்டும் தரும், பலர் ஒரே சர்வரைப் பகிரும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கில் போட முடியாது, தனி வி.பி.எஸ்., அதாவது உங்களுக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர், வேண்டும். சொந்த சர்வரில் வைத்தாலும் மொத்தமாக மடல் அனுப்ப மெயில்கன் என்ற வெளிச் சேவையில் கணக்கு வேண்டும். கோஸ்ட் அதிகாரபூர்வமாக அதோடுதான் இணைகிறது. முதல் மடல் எழுதி முடித்து, அனுப்பு பொத்தானைத் தேடும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்றால் தயங்காமல் எடுங்கள்.

கேள்வி: மூன்று மொழிகளில் தளம் வேண்டும்.

பதில்: இதில் வேர்ட்பிரஸை முதலில் சொல்ல மாட்டேன். பன்மொழி வசதி அதன் மையத்தில் இல்லை, பாலிலாங் போன்ற ப்ளகின் வேண்டும். ஜூம்லாவில் உள்ளேயே உண்டு. ட்ரூபலில் 8 முதல் கட்டுரை, மெனு, பொத்தான், தள அமைப்பு என ஒவ்வொன்றையும் மொழிபெயர்க்க மையத்திலேயே நான்கு மாட்யூல்கள் இருக்கின்றன. தொடங்கும் முன் ஒன்று தீர்மானியுங்கள்: மூன்று மொழியிலும் எல்லாப் பக்கமும் இருக்குமா, இல்லை சிலது சில மொழியில் மட்டுமா? இரண்டாவது என்றால், இல்லாத பக்கத்துக்கு வருகிறவர் எங்கே போய் நிற்பார் என்று காகிதத்தில் வரைந்து பார்த்துவிடுங்கள். இந்தத் தளங்களில் முதலில் உடைவது அந்த இடம்தான்.

கேள்வி: எங்கள் பழைய தளத்தில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. புதிய சி.எம்.எஸ். எதுவானாலும் மாற்றிவிடலாம்தானே?

பதில்: மாற்றலாம், ஆனால் ஏற்றுவதற்கு முன். பாமினி, டிஸ்கி, டாப் எல்லாம் யூனிகோடு பரவலாவதற்கு முந்திய ஏற்பாடுகள். புதிய தளத்துக்குள் அப்படியே போனால் தேடலும் ஓடாது, மொபைலில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். மாற்றிகள் நிறைய கிடைக்கின்றன. கட்டுரைக்கு நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்து அவை தமிழாக்கிவிடும், அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறி ஒட்டியிருக்கிறதா என்று ஒகர, ஓகார, ஔகார எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். பத்துக் கட்டுரைகளை மாற்றி, பிழை எங்கே விழுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு மீதியைத் தொடுங்கள்.

கேள்வி: ஹோஸ்டிங் வாங்காமல் இவற்றை முயன்று பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்ற பக்கத்தைத் திறந்தால் பிரவுசருக்குள்ளேயே முழு வேர்ட்பிரஸ் ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். பக்கத்தை மூடினால் பெரும்பாலும் எல்லாம் போய்விடும், அதனால் முக்கியமானதை அதில் எழுதாதீர்கள். ஜூம்லாவையும் ட்ரூபலையும் உங்கள் கணினியிலேயே போட்டுப் பார்க்க, கணினிக்குள்ளேயே சர்வரை ஓட்டும் கருவிகள் இருக்கின்றன. ட்ரூபலோடு நீண்ட நாள் குடித்தனம் என்றால் அவற்றில் டி.டி.இ.வி. என்ற கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள்.

முயலும்போது தீம்களைப் பார்த்து நேரத்தைக் கழிக்காதீர்கள். உங்கள் பழைய கட்டுரைகளில் படமும் அடிக்குறிப்பும் மேற்கோளும் உள்ள ஒன்றை எடுத்து, எழுதப்போகிறவர்களில் கணினிக்கு மிகவும் பயப்படுகிறவர் யாரோ அவரையே உட்காரவைத்து வெளியிடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அடிக்குறிப்பு வந்ததும் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பிறகு எக்ஸ்போர்ட் வசதியைத் தேடி எல்லாவற்றையும் ஒரு கோப்பாக வெளியே எடுத்து, சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, அந்தக் கட்டுரையும் அடிக்குறிப்பும் அதில் படிக்கும்படி இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.